ஒருநாள் வியப்பும் ஒருபோகக் கவனிப்பும்

மல்லாட்டை எனும் நிலக்கடலைச் செடி வெளிச்சத்தில் பூத்து இருட்டில் காய்க்கிறது. விதைத்து ஒரு மாதம் ஆவதற்குள் காலை வேளையில் மஞ்சள் பூ விரியும். பொழுது சாய்வதற்குள் வாடிவிடும். பூ இருந்த இடத்திலிருந்து மெல்லிய விழுது ஒன்று கீழ்நோக்கி நீண்டு, மண்ணைத் துளைத்து உள்ளே இறங்கும். அதன் நுனிதான் பருத்துக் காயாகிறது. மண்ணை எட்டாமல் அந்தரத்தில் நின்றுபோன விழுது காய்க்காமலே காய்ந்துவிடும். செடிக்கு மண் அணைப்பதும், 45ஆம் நாள் வாக்கில் ஜிப்சம் போடுவதும் இதனால்தான். வளரும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே உறிஞ்சிக்கொள்கிறது.

விழுப்புரம் மாவட்டம் முகையூர் ஒன்றியத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். கொல்லையில் செடி பிடுங்கியிருக்கும், அம்மாவோடு உட்கார்ந்து காய் ஆய்ந்திருக்கும். மற்றப் பாதியை அதனிடம் கேட்பவர்கள் அரிது. 'தாவரத்தின் பாகங்கள்' என்ற பாடம் வந்தால் வேர், தண்டு, இலை, பூ, காய் என்று கீழிருந்து மேலாக ஒப்பிக்கப்படும். அந்த வரிசைக்கு அடங்காத செடியோ பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கமே விளைந்து நிற்கிறது.

அறிவியலுக்குப் பஞ்சமான வட்டாரம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அங்கே உருவான நிலக்கடலை, எள் ரகங்கள் ஊரின் பெயரைச் சுருக்கி 'டி.எம்.வி.' என்ற முன்னெழுத்தோடு இந்தியாவின் பல மாநிலங்களுக்குப் போயிருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், உள்ளூர் ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று மேலே போனவர். அவருடைய படம் இப்போது பல பள்ளிச் சுவர்களில் இருக்கிறது. ஆனால் சுவரில் படம் ஒட்டுவதற்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஒரு கேள்வியைக் கொடுப்பதற்கும் நடுவே நிறைய வேலை கிடக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் இன்னும் செய்யப்படாமல் இருப்பது அந்த வேலைதான்.

ஆறாம் வகுப்பு என்ற வாசற்படி

இந்தியாவில் பள்ளி அறிவியலைச் சீர்திருத்த எடுத்த முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தென்படும். மத்தியப் பிரதேசத்தில் கிஷோர் பாரதி அமைப்பும் ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையமும் சேர்ந்து 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம்தான் இவற்றுள் மிகத் துணிச்சலானது. கிராமத்துப் பிள்ளைகள் சோதனை செய்து தாங்களே முடிவுக்கு வர வேண்டும் என்று நம்பிய அத்திட்டம் மாநில அரசால் நிறுத்தப்படும் வரை முப்பது ஆண்டுகள் ஓடியது. அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்குமானது. 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் கலந்துகொள்ள 10 வயதாவது ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 28 அன்று தொடங்கப்பட்ட வானவில் மன்றம், இருசக்கர வண்டியில் சோதனைக் கருவிகளோடு பள்ளி பள்ளியாகப் போகும் கருத்தாளர்களைக் கொண்ட நல்ல திட்டம். 13,200க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளைத் தொடுகிறது. அதுவும் 6 முதல் 8 வரைதான்.

அறிவியலின் வாசற்படி ஆறாம் வகுப்பில் இருக்கிறது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் எல்லோரும் அங்கேதான் கதவைத் தட்டுகிறார்கள்.

தொடக்கப் பள்ளிகளில் அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பதும் சரியல்ல. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாகியிருந்த முறையைத் தழுவி, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007–08க்குள் அது மாநிலம் முழுவதும் பரவியது. பாய், அட்டை, ஏணிப்படம், பிள்ளைகள் உயரத்துக்கு இறக்கி வைத்த கரும்பலகை என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. ஆசிரியர் மேசையிலிருந்து இறங்கிப் பாயில் வந்து உட்கார்ந்தார். ஒரே அறையில் பல வகுப்புகளை வைத்துக்கொண்டு திண்டாடும் கிராமப் பள்ளிக்கு இது பெரிய விடுதலை. நாளடைவில் 'செயல்' என்பது அட்டையை எடுத்து முடித்து அடுத்த படிக்குப் போவதாகச் சுருங்கிப்போனதையும் சொல்லத்தான் வேண்டும். சூழ்நிலையியல் அட்டையில் இலையின் படம் இருக்கும். வாசலில் வேப்பமரம் இருக்கும். இரண்டையும் சேர்த்துவைக்க ஏணிப்படத்தில் படி இருக்காது.

கொரோனாவுக்குப் பிறகு அக்கறை முழுவதும் எழுத்துக்கும் எண்ணுக்கும் திரும்பியது. இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. இரண்டு ஆண்டுகள் பள்ளியைப் பார்க்காத பிள்ளைகளுக்கு அது அவசர சிகிச்சை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவசரம் பழக்கமாகிவிடும்போது சூழ்நிலையியல், மொழிப் பாடத்துக்குள் செருகிய ஒரு வாசிப்புப் பகுதியாகிவிடுகிறது. எதையும் தொட்டுப் பார்க்காமலே அதைப் படித்து முடித்துவிடலாம்.

தொடக்கப் பள்ளி வயதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஆடம் மால்டீஸ், ராபர்ட் டாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. விஞ்ஞானிகளும் ஆய்வு மாணவர்களுமாக 116 பேரிடம், உங்களுக்கு அறிவியலில் ஆர்வம் எப்போது வந்தது என்று விசாரித்தார்கள். 65 விழுக்காட்டினர் நடுநிலைப் பள்ளிக்கு வருவதற்கு முன்பே என்று பதில் சொன்னார்கள். வளர்ந்தவர்கள் பழையதை நினைத்துச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதே வயதில் ஆர்வம் வந்து, பிறகு வேறு தொழிலுக்குப் போனவர்களை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. இவ்வளவையும் கழித்துக்கொண்டாலும், ஆறாம் வகுப்பில் கதவைத் தட்டினால் போதும் என்ற நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

ஒரு விநாடிப் பொறுமை

எலிசபெத் போனவிட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட சோதனையைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. நான்கைந்து வயதுப் பிள்ளைகளிடம் புதுமாதிரியான பொம்மை ஒன்று தரப்பட்டது. கீச்சிடும் குழாய், விளக்கு, இசை, ஒளிந்திருக்கும் கண்ணாடி என்று அதில் பல வித்தைகள். சில பிள்ளைகளுக்கு மட்டும், "இந்தப் பொம்மை எப்படி வேலை செய்கிறது பார்" என்ற தோரணையில் குழாயை இழுத்துக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் குழாயையே இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காத பிள்ளைகளோ அதிக நேரம் விளையாடி மற்ற வித்தைகளையும் கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், வேறெதுவும் இருக்காது என்று பிள்ளை நியாயமாகவே முடிவு கட்டுகிறது. கற்பிப்பது தவறு என்று இதற்குப் பொருளில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில் இருக்கிறது விஷயம்.

இதைவிடப் பழையதும் எளியதுமான கண்டுபிடிப்பு அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவுடையது. 1970களில் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த அவர், ஆசிரியர் கேள்வி கேட்டபின் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டச் சொன்னதும் பதில்கள் நீண்டன; வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள்; பிள்ளைகளிடமிருந்து கேள்விகளும் கூடின. கருவி வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஆனால் நாற்பது பிள்ளைகள் எதிரே மூன்று விநாடி மௌனமாக நிற்பது எவ்வளவு கடினம் என்று வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். கேள்வி கேட்கும் மாணவியைப் பற்றிய இரா. நடராசனின் 'ஆயிஷா' குறுநாவலைத் தமிழ் ஆசிரியர்கள் இத்தனை ஆண்டுகளாக நெஞ்சு பதற வாசித்துவருவதற்கும், கேள்வி கேட்கும் பிள்ளையை எதிர்கொள்ள முடியாமல் தவித்த அனுபவம் அவர்கள் எல்லோருக்கும் இருப்பதற்கும் தொடர்பு இருக்கக்கூடும்.

அறிவியல் கண்காட்சிகள் இந்தச் சிக்கலை ஒரே நாளில் தாண்டிவிடப் பார்க்கின்றன. சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிய காகிதக்கூழ் எரிமலை இல்லாத கண்காட்சி ஏது? விழுப்புரம் மாவட்டத்தில் எரிமலை கிடையாது. அந்த மாதிரிக்கும் எரிமலைக்கும் நுரையைத் தவிர வேறு ஒற்றுமையும் கிடையாது. செய்தது பெரும்பாலும் அண்ணனோ அப்பாவோ. பிள்ளை விளக்கத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். கைதட்டல் கிடைக்கும், மறுநாள் எரிமலை குப்பைக்குப் போகும். வியப்பு வேண்டாம் என்பதல்ல. ஒருநாள் வியப்பு மறுநாள் செய்வதற்கு ஏதாவது வேலையை விட்டுச் செல்ல வேண்டும். இல்லையென்றால் அது மேஜிக் ஷோ.

கிணற்றடிப் பனை

தொடர்ந்து பார்ப்பதற்கு இந்த வட்டாரத்தில் பொருள் ஏராளம். கிணற்றடிப் பனையில் கூடு கட்டும் தூக்கணாங்குருவியை எடுத்துக்கொள்ளலாம். நெல் இலையிலும் புல்லிலும் ஓலையிலும் நார் கிழித்துக் கூடு பின்னுவது ஆண்குருவி. பாதிக் கூடு, தலைகீழாகத் தொங்கவிட்ட தொப்பி போல ஆனதும் அது இறக்கையை அடித்துப் பெண்குருவிகளை அழைக்கும். பெண்குருவி வந்து உள்ளே புகுந்து, இழுத்துப் பார்த்து, பிடித்தால் தங்கும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். ஏற்கப்பட்ட கூட்டுக்கு மட்டுமே நீண்ட குழாய் வாசல் முடித்துத் தரப்படும். அதன்பின் அதே ஆண்குருவி அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இவ்வளவையும் 1930களின் தொடக்கத்தில் ஆய்வுக் கட்டுரையாக உலகுக்குச் சொன்னவர் சாலிம் அலி. அப்போது அவருக்கு நிலையான வேலை இல்லை. பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹிம் என்ற ஊரில் வீட்டருகே கூடு கட்டிய குருவிகளை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது பொறுமையும் ஓர் ஏணியும் குறிப்பேடும்தான்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதே பனையடியில் வாரம் ஒருமுறை நின்று மூன்று எண்களை எழுதலாம்: முழுக் கூடு எத்தனை, பாதிக் கூடு எத்தனை, புதிதாகத் தொடங்கியது எத்தனை. நாலைந்து வாரத்தில் பாதிக் கூடுகள் சில பாதியாகவே நிற்பது தெரியவரும். ஏன் விட்டுவிட்டது என்ற கேள்வியை ஆசிரியர் கேட்க வேண்டியிருக்காது. கீழே விழுந்த பழைய கூட்டைப் பிரித்தால் உட்சுவரில் களிமண் பூசியிருப்பது தெரியும். இரவில் வெளிச்சத்துக்காகக் குருவி அதில் மின்மினியை ஒட்டிவைக்கும் என்று தாத்தாமார் சொல்லும் கதை ஊருக்கு ஊர் உண்டு. களிமண்ணில் மின்மினியின் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பிள்ளைகளே தேடிப் பார்க்கட்டும். களிமண் எதற்கு என்பதில் பறவையியலாளர்களே இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை. விடை முடிவாகாத கேள்வியை ஒன்பது வயதில் சந்திப்பது ஒரு பேறு.

மழையும் அப்படித்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைமீறி ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு '50 செ.மீ.' என்பது செய்தியில் வந்த எண். பக்கம் நேராக உள்ள பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்துவைத்து, ஓர் அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆறுக்கு ஆறு மீட்டர் வகுப்பறைக் கூரையின் மேல் அன்று 18,000 லிட்டர் விழுந்திருக்கும். ஐப்பசி முழுக்கத் தினமும் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் என்று எழுதிப் பழகிய பிள்ளைதான் அரை மீட்டர் மழை எவ்வளவு பயங்கரமானது என்று உணரும். கணக்குப் பாடமும் இதற்குள்ளேயே நடந்துவிடுகிறது; எண்ணுக்கும் எழுத்துக்கும் ஒதுக்கிய நேரத்திலிருந்து எதையும் பறிக்கவில்லை.

மாவட்டத்துக்குள் ஒருநாள் பயணத்துக்கும் தகுந்த இடங்கள் உண்டு. வானூர் வட்டம் திருவக்கரையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் கல்மரப் பூங்காவில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வழக்கமான பள்ளிச் சுற்றுலாவில் பலகையை வாசித்துவிட்டுப் படம் எடுத்துத் திரும்புவார்கள். அதற்குப் பதிலாக, கட்டைகளில் வேரும் கிளையும் எங்காவது இருக்கிறதா என்று தேடச் சொன்னால் போதும். கிடைக்காது. அப்படியானால் இந்த மரங்கள் இங்கேயே நின்று வளர்ந்தவையா? பெருவெள்ளம் உருட்டிவந்து மணலில் புதைத்தவை என்ற முடிவுக்குப் புவியியலாளர்கள் வந்த தடமும் இதுதான். தென்பெண்ணை வெள்ளத்தில் மரம் அடித்துப்போனதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு அந்த முடிவு எட்டாத உயரமல்ல.

மரக்காணத்தையொட்டிய கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் கரையோர ஊரான நடுக்குப்பத்தின் அரசுப் பள்ளியோடு ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் வனத்தினர் நீண்டகாலம் சூழல் கல்விப் பணி செய்திருக்கிறார்கள். ஏரியைக் காக்க வேண்டுமானால் அதன் பறவையையும் செடியையும் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அறிவிப்புப் பலகையைவிட இது நெடுநாள் நிற்கும் முதலீடு.

தப்பான விடையின் மதிப்பு

இப்படிப் பார்க்கவும் எண்ணவும் விட்டால் பிள்ளைகள் தவறாகச் சொல்வார்களே என்ற அச்சம் ஆசிரியர்களுக்கு உண்டு. சொல்வார்கள்தான். ஐதராபாத்தில் முதலாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பூமியின் வடிவம் பற்றி நடத்திய ஆய்வு 1996இல் வெளியானது. பூமி தண்ணீரின் மேல் மிதக்கிறது என்று கணிசமான பிள்ளைகள் சொன்னார்கள். பாட்டி சொன்னதையும் பள்ளி சொன்னதையும் கண் கண்டதையும் இணைத்துப் பிள்ளைகள் தாங்களாகக் கட்டிக்கொண்ட உலகம் அது. முட்டாள்தனம் இல்லை, கையிலிருக்கும் சான்றுகளைக் கொண்டு செய்த கோட்பாடு. "தப்பு, உட்கார்" என்று சொல்லிவிட்டால் சரியான வரியைத் தேர்வில் எழுதிவிட்டு மிதக்கும் பூமியை மனதுக்குள் வைத்துக்கொள்ளும். "எதனால் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்டால்தான் கோட்பாடு வெளியே வரும்.

இன்னொரு தடை வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. கல்விக் கட்டுரைகளில் அது அதிகம் பேசப்படுவதில்லை. கொல்லை வேலைக்குப் போகும் தாய், தன் பிள்ளை கொல்லைக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் பள்ளிக்கு அனுப்புகிறாள். பள்ளியும் செடியையும் மண்ணையும் கையில் கொடுத்தால் அவளுக்கு அது கல்வியாகத் தெரியாது. இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகும் பிள்ளை ரைம்ஸ் சொல்லும்போது தன் பிள்ளை மல்லாட்டை விழுதை எண்ணிக்கொண்டிருப்பதை அவள் எப்படி ஏற்பாள்? நியாயமான கேள்வி. எண்ணியதைப் பட்டியலாக்கி, வரைபடமாக்கி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன் பிள்ளையே விளக்கிச் சொல்வது இதற்கு ஒரு வழி. வாசிப்பில் பின்தங்கிய கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைதான் பல நேரம் செடியைப் பற்றி வகுப்பிலேயே அதிகம் அறிந்ததாக இருக்கும். வகுப்பின் வரிசை அன்றைக்கு மாறும்.

இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொண்டு, நடுவில் எமிஸ் எனும் இணையப் பதிவும் செய்யும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இதற்கெல்லாம் நேரம் ஏது? காலை வழிபாட்டுக்குப் பின் பத்து நிமிடம் என்பதற்கு மேல் எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் தொடர்ந்து பார்க்கும் வேலைக்குப் பத்து நிமிடமே போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அளக்க, இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதலாம். பல வகுப்புகள் கலந்து உட்காருவது இங்கே பலமாகிறது. ஆசிரியருக்குத் துணையாகத் தமிழில் வாசிக்கவும் கிடைக்கிறது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் மாத இதழை நடத்திவருகிறது. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் எந்த ஊரிலிருந்தும் யாரும் சேரலாம்.

புதிய அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2012–13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில், நூற்றுக்கு 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி பிள்ளைகளின் செயல்பாடுகளுக்கு உரியது. அந்த இடம் பெரும்பாலும் பேன்சி ஸ்டோரில் ஐந்து ரூபாய்க்கு வாங்கிய படத்தை வெட்டிச் சார்ட்டில் ஒட்டுவதற்குப் போய்விடுகிறது. இரண்டாம் பருவம் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிவது. வடகிழக்குப் பருவமழையும் அதே மூன்று மாதம்தான். முகையூர் வட்டார வள மையக் கூட்டத்தில், வரும் பருவத்துச் செயல்பாட்டு மதிப்பெண்ணைச் சார்ட்டுக்குப் பதிலாக மழைக் குறிப்பேட்டுக்குப் போடுவது என்று நாலைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் பேசிவைத்துக்கொண்டால், ஒரே மழை ஊருக்கு ஊர் எவ்வளவு மாறிப் பெய்கிறது என்ற பட்டியல் டிசம்பர் கடைசியில் பிள்ளைகளின் கையெழுத்திலேயே ஒன்றியத்துக்குக் கிடைத்துவிடும்.